பிள்ளை மனம் – 5: மூடிய குருகுலமும் பதினைந்து கோப்பைகளும்

லவ்டேல் லாரன்ஸ் பள்ளி மைதானத்தில், மேள முழக்கத்துக்குக் கால் மாற்றி அணிவகுத்த சிறுவர்களோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1858-ல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. பிள்ளையை நல்ல பிள்ளையாக வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு அன்று அங்கே ஒரே பதில்தான்: மணி, வரிசை, சீருடை, கட்டளை.

அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிற வழியில் ஃபெர்ன்ஹில் வரும். ஜனவரி விடியலில் புல்தரை முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும் இடம். 1923-ல் 28 வயது இளைஞர் ஒருவர் நீலகிரிக்கு ஏறி வந்தார். ஏழைப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குருகுலம் தொடங்கினார். லவ்டேல் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். ஆனால் அவர் கையில் மணியும் இல்லை, மேளமும் இல்லை. பல நாள் அரிசியே இல்லை.

அவர் பெயர் பி. நடராஜன்.

டாக்டர் பல்புவின் மகன் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். ஈழவச் சாதியில் பிறந்ததால் திருவிதாங்கூர் அரசு மருத்துவ வேலை தர மறுத்த மனிதர் பல்பு. மைசூர் அரசுப் பணிக்குப் போய், பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடிய காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர். கேரளத் துறவி நாராயண குருவோடு சேர்ந்து 1903-ல் எஸ்.என்.டி.பி. யோகம் என்ற சமூகச் சீர்திருத்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த வீட்டுப் பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். விரும்பியிருந்தால் ஒரு கல்லூரி வேலையில் அமர்ந்து பென்ஷன் வரைக்கும் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் நாராயண குருவிடம் போனார். அங்கிருந்து மலைக்கு வந்தார்.

காலத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1924 மார்ச் 30-ல் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒதுக்கப்பட்ட சாதியினரும் நடப்பதற்கு உரிமை கேட்டு மனிதர்கள் சிறைக்குப் போனார்கள். ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சேர்ந்து, அவரும் சிறைப்பட்டார். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை நடக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் வகுத்து வைத்ததற்குத்தான் அங்கே ஒழுக்கம் என்று பெயர். அதே ஆண்டுகளில் நீலகிரியில் ஓர் ஆசிரியரும் பையன்களும் ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்து, சாதி கேட்காமல் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அந்தப் பையன்களுக்கு நீதி என்று தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சோற்றுப் பந்தியே அந்தப் பாடத்தை நடத்தியிருக்கும்.

ஆனால் அந்தப் பந்தி நிலைக்கவில்லை. பணம் இல்லை. குருகுலம் மூடப்பட்டது.

தோற்றுப்போன வாத்தியார் என்று ஊர் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவரை, மேல்நாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தார் நாராயண குரு. 1928-ல் நடராஜன் கப்பலேறினார். அதே ஆண்டு செப்டம்பர் 20-ல் வர்க்கலையில் குரு மறைந்தார். அனுப்பியவர் இல்லை, தொடங்கிய பள்ளி இல்லை. கையில் மிஞ்சியது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியோடு அவர் போய்ச் சேர்ந்த ஊரில், வேறொருவரும் அதே கேள்வியைத்தான் துருவிக்கொண்டிருந்தார். கோலிக்குண்டுகளை வைத்து!

*

ஜெனீவா. ரூசோ பிறந்த ஊர். குழந்தையின் தொடக்க ஆண்டுகளில் நற்குணத்தைப் போதிக்காதே, அதன் மனதில் தீமை புகாமல் காத்தாலே போதும் என்று 1762-லேயே ‘எமீல்’ என்ற நூலில் எழுதி, பாரிஸிலும் ஜெனீவாவிலும் புத்தகம் எரிக்கப்படும் அளவுக்குக் கலகம் மூட்டியவர் அவர். அவர் பெயரிலேயே ஜெனீவாவில் ஒரு கல்வி ஆய்வு நிறுவனம் இருந்தது. அதில் 1921-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ழான் பியாஜே. நடராஜனைவிட ஒன்றரை வயது இளையவர். நத்தை, சிப்பி வகைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர், ஓட்டுக்குள் ஒளிகிற உயிர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் எங்கே போய்ப் பார்த்தார் என்பதுதான் அழகு. தேவாலயத்துக்கோ நீதிபோதனை வகுப்புக்கோ போகவில்லை. பையன்கள் கோலி ஆடுகிற இடத்துக்குப் போனார். சின்ன வயதில் ஆடியிருக்கிறேன், இப்போது மறந்துவிட்டது, எனக்குச் சொல்லிக் கொடு என்று பிள்ளையிடம் கேட்டார். தரையில் கட்டம் எப்படிப் போடுவது, குண்டை எங்கிருந்து அடிப்பது, எப்போது ஆட்டம் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக அசல் கேள்விக்கு வந்தார். இந்த விதிகளை யார் போட்டார்கள்? மாற்றலாமா?

சிறு பிள்ளைகளின் பதில் ஒரே மாதிரி இருந்தது. பெரியவர்கள் போட்டது, அப்பா போட்டது, சாமி போட்டது. மாற்றவே கூடாது. இத்தனை உறுதியாகச் சொல்கிற அதே பிள்ளை, ஆட உட்கார்ந்தால் தன் இஷ்டத்துக்கு ஆடும். பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்றுகூடப் பார்க்காது. முடிவில் இருவருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள் அப்படியே நேர்மாறு. விதி நாமாகச் சேர்ந்து வைத்துக்கொண்டது, எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்பார்கள். ஆனால் ஒப்புக்கொண்ட விதியை ஓர் அங்குலம் மீற விடமாட்டார்கள்.

நம் தெருவில் கோலிக்குண்டில் பேந்தா ஆடியவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை யாரும் பெரியவர்களிடம் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு நாளில் அவன் திருந்தி வந்து நிற்பான். எந்தப் பிரம்பும் செய்யாத வேலை அது. அந்த வேலைக்குள் மனித அறத்தின் வேர் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் பியாஜே.

அடுத்து அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு தட்டு, அதில் பதினைந்து கோப்பைகள். அவனுக்கு அது தெரியாது. கதவு இடித்துப் பதினைந்தும் தூள். இன்னொரு பையன், அம்மா வெளியே போன நேரம் பார்த்து அலமாரியில் ஏறி ஜாம் திருடப் பார்க்கிறான். கை தட்டி ஒரு கோப்பை உடைகிறது. இருவரில் யார் செய்தது பெரிய தப்பு?

ஆறேழு வயதுப் பிள்ளைகளில் பலர் தயங்காமல் பதினைந்தைச் சொன்னார்கள். ஒன்பது பத்து வயதில் பதில் திரும்புகிறது. அவன் தெரியாமல் உடைத்தான், இவன் திருடப் போனான் என்று பிள்ளையே வழக்கறிஞராகிவிடுகிறது. நடந்த சேதத்திலிருந்து மனசில் இருந்த எண்ணத்துக்கு நீதி இடம்பெயர்கிற தருணம் அது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிற பையன் இற்றுப்போன பாலத்தில் கால் வைக்கிறான், பாலம் முறிந்து ஆற்றில் விழுகிறான். அவன் திருடாமல் அந்தப் பாலத்தில் போயிருந்தால் விழுந்திருப்பானா? விழுந்திருக்கமாட்டான், திருடியதற்குத்தான் தண்டனை என்று சொன்னவர்கள் 6 வயதில் நூற்றுக்கு 86 பேர். 11, 12 வயதில் 34 பேர். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று நாம் சொல்லி வளர்க்கிறோமே, அதைச் சொல்லாமலே குழந்தை முதலில் அப்படித்தான் நம்புகிறது. உலகமே தன்னை வேவு பார்த்துத் தண்டிக்கிறது என்ற அந்தப் பயத்திலிருந்து அது வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் நாம் ஊசியை எடுத்துச் சாமி கையில் கொடுக்கிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

1932-ல் இவற்றையெல்லாம் தொகுத்துக் குழந்தையின் அறத் தீர்ப்பு பற்றிய நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார் பியாஜே. அதன் சாரத்தைச் சொன்னால் எந்த ஆசிரியரும் முகம் சுளிப்பார். பெரியவர்களுக்குக் கட்டுப்படுவதால் அறம் வளராது. சம வயதுக்காரர்களோடு கூடி ஆடி, சண்டை போட்டு, சமாதானமாகி வளர்வது அது. பெரியவர் மேலிருந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகும் பிள்ளை, சேதத்தின் அளவிலும் தண்டனையின் பயத்திலுமே தேங்கிவிடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கரும்பலகையின் மூலையில் எழுதும் பெயர்ப் பட்டியல் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் வெளியே போவார். லீடர் எழுந்து நிற்பான். பேசுகிறவர்கள் பெயரை வரிசையாக எழுதுவான். அடங்காதவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இரண்டு. திரும்பி வந்ததும் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து அடிப்பார். சம வயதுத் தோழமைதான் அறம் முளைக்கும் நிலம் என்று பியாஜே சொல்கிறார். அந்த நிலத்துக்குள்ளேயே ஒரு காவல் நிலையத்தைக் கட்டி, தோழனையே ஏட்டாக உட்கார வைத்துவிடுகிறோம். இன்றும் எத்தனையோ வகுப்புகளில் இது நடக்கிறது. நிறுத்த வேண்டும்.

ஆக, பியாஜே சொன்னதே முடிந்த முடிவா? பெரியவர் விலகி நின்றால் போதுமா? அதே ஜெனீவாவின் ஏரிக்கரையில், சில மைல் தள்ளி, ஃபெர்ன்ஹில்லில் தோற்று வந்த மனிதர் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

*

ஜெனீவா ஏரிக்கரையில் கிளாண்ட் என்ற சிற்றூர். அங்கே ஃபெலோஷிப் ஸ்கூல் என்ற பன்னாட்டுப் பள்ளியில் நடராஜன் ஆசிரியர் வேலை பார்த்தார். முதல் உலகப் போரின் பிணவாடை தீராத ஐரோப்பாவில், பல நாட்டுப் பிள்ளைகளை ஒன்றாக வளர்த்தால் அடுத்த போரைத் தவிர்க்கலாம் என்று நம்பியவர்கள் நடத்திய பள்ளிகளில் ஒன்று அது. வேலைக்கு நடுவே ஜெனீவாவின் ‘சூஃபி காலாண்டிதழில்’ நாராயண குருவைப் பற்றித் தொடராக எழுதினார். அதைப் படித்துத்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்ட், ராமகிருஷ்ணர் பற்றிய தன் நூலில் நாராயண குருவைக் குறிப்பிட்டார். கேரளத்தின் ஒரு துறவியை ஐரோப்பா அறிந்துகொண்டது இந்த மூடிய குருகுலத்து வாத்தியாரின் பேனாவால்.

பியாஜேவின் நூல் வந்த காலத்தை ஒட்டியே, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் நடராஜன் தன் ஆய்வேட்டைப் பிரெஞ்சில் சமர்ப்பித்து டாக்டர் பட்டம் பெற்றார். கல்வி என்கிற நிகழ்வில் ஆள் என்கிற அம்சத்துக்கு என்ன இடம் என்பதே அதன் பொருள். அவரும் ரூசோவைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், தத்துவ அறிஞர் பெர்க்சனிடமிருந்தும் கற்றுக்கொண்டார். ஆனால் வந்து சேர்ந்த இடம் வேறு. கல்வி நடப்பது ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் நடுவே என்றார். பாடத்திட்டமும் கட்டடமும் அப்புறம். குருவும் சீடனும் ஒரே உறவின் இரு முனைகள். ஒன்று வளர்ந்தால் மற்றதும் வளரும். ஒன்று செத்தால் மற்றதும் சாகும்.

இதைப் பழைய குருபக்தி என்று தள்ளிவிடக் கூடாது. பியாஜே பார்த்த பெரியவர், மேலே நின்று கட்டளை இடுகிறவர். அவருக்குப் பிள்ளை தருகிற மரியாதை ஒருவழிப் பாதை. நடராஜன் பார்த்த பெரியவர், பையன்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, அரிசி இல்லாத நாளில் தானும் பட்டினி கிடந்தவர். பெரியவரில் இப்படி ஒரு வகை உண்டு என்பதற்கு பியாஜேவின் கணக்கில் போதிய இடம் இல்லை. அவருடைய மேதைமையின் குறை அது என்றே நினைக்கிறேன். நடராஜன் பக்கம் குறை இல்லாமலும் இல்லை. பியாஜே பிள்ளை பிள்ளையாகக் கேட்டு எழுதி வைத்தார். நடராஜன் தத்துவமாகப் பேசினார். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தச் சோதனை நடந்த ஊர் எது தெரியுமா? ஊட்டியிலிருந்து முதுமலைக் காட்டைத் தாண்டி இறங்கினால் வருகிற மைசூர்.

இடையில் அமெரிக்காவில் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் வந்தார். பியாஜேவின் படிகளை நீட்டி ஆறாக்கினார். 1958-ல் சிகாகோ பகுதிப் பையன்களிடம் அவர் கேட்ட கேள்வி உலகப் புகழ் பெற்றது: சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா? உறவுக்காகச் செய்வது நடுப்படி, எல்லோருக்கும் பொதுவான நீதிக்காகச் செய்வது மேல்படி என்று ஏணி கட்டினார். அந்த ஏணியில் பெண்கள் கீழே நிறுத்தப்படுகிறார்கள் என்று 1982-ல் கரோல் கில்லிகன் எதிர்த்து எழுந்தார். அந்தச் சண்டையைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

மைசூருக்கு வந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜோன் மில்லர். இவர் கேட்ட கதைகளில் ஒன்று இப்படிப் போகும். உயிர் நண்பனின் கல்யாணம். மோதிரங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் வழியில் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டான். கடைசி ரயில் கிளம்பப் போகிறது. பக்கத்தில் ஒருவர் கழற்றி வைத்த கோட்டிலிருந்து டிக்கெட் எட்டிப் பார்க்கிறது. எடுக்கலாமா? அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள், திருட்டு திருட்டுதான். மைசூரில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்றார்கள். சிறுவர்களும் பெரியவர்களைப் போலவே சொன்னார்கள். நண்பனுக்கு உதவுவது அவரவர் விருப்பம் என்று அமெரிக்கர்கள் நினைத்த இடங்களில், அது கடமை, செய்யாவிட்டால் தப்பு என்றது மைசூர்.

கோல்பர்க்கின் ஏணிப்படி பார்த்தால் மைசூர்க்காரர்கள் ஏறாமல் நின்றுவிட்டவர்கள். மில்லர் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒருவர் பட்டிருக்கும் கடன், நீதிக்குச் சற்றும் குறையாத முழு அறமாகவே அங்கே விளங்குகிறது என்று காட்டினார். டிக்கெட்டை இழந்த அந்த முன்பின் தெரியாத பயணியின் நியாயம் என்னாவது என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. வைக்கம் தெருவில் நின்றவர்களும் ஊருக்கு ‘நம்ம ஆள்’ அல்லாதவர்கள்தானே! ஆனாலும், ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள உறவில்தான் எல்லாம் இருக்கிறது என்று சோர்போனில் வாதாடியவரின் குரல், அவர் கேட்காத மொழியில், மைசூர்ச் சிறுவர்களின் பதிலில் ஒலித்தது.

அந்தக் குரலுக்கு உரியவர் கதை என்ன ஆனது? 1933-ல் பாரிஸ் பட்டத்தோடு ஊர் திரும்பிய டாக்டர் நடராஜனுக்கு வேலை கிடைக்கவில்லை. அலைந்தார். கடைசியில், மூடிய இடத்துக்கே திரும்பினார். ஃபெர்ன்ஹில். தகரக் கொட்டகை, குளிர், தனிமை. பின்னாளில் நடராஜ குரு என்று உலகம் அறிந்தது இவரைத்தான். ஜெயமோகன் எழுத்துகள் வழியே நித்ய சைதன்ய யதியைத் தெரிந்துகொண்ட தமிழ் வாசகர்களுக்கு ஊட்டி குருகுலம் பழக்கமான இடம். அந்த நித்யாவின் குரு இவர்.

*

நடராஜன் மலை மேல் தனியே இருந்த அந்த ஆண்டுகளில், 1939 நவம்பரில், 69 வயது இத்தாலியப் பெண்மணி ஒருவர் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து வந்தவர். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்கள் அவர் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், அவரோடு வந்த 41 வயது மாரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். ஜெனீவாவில் பியாஜே தலைமை தாங்கிய சங்கத்துக்கே இந்தப் பெண்மணியின் பெயர்தான்: மரியா மாண்டிசோரி.

பியாஜேவின் பதிலும் வேண்டாம், நடராஜனின் பதிலும் போதாது என்று மூன்றாவது பதில் ஒன்று அவரிடம் உருவாகப் போகிறது. அதுவும் ஒரு தமிழ் மலை மீது, பழனி மலையின் கொடைக்கானலில். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை “மிஸ், இவன் இப்படிச் செய்றான்” என்று ஓடி வருவதைக் கோள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நியாயம் எது என்று தேடுகிற பிள்ளை என்று அவர் சொன்னது நம் பெயர்ப் பட்டியல் வகுப்புகளைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டியது.

ஆனால் அதற்கு முன் 1940 ஜூன் 10 வந்தது. முசோலினி பிரிட்டன் மீது போர் தொடுத்தார். முசோலினியோடு மோதி இத்தாலியை விட்டே வெளியேறியவர் மரியா. இருந்தும் ஒரே நாளில் சென்னை ராஜதானியில் எதிரி நாட்டுக்காரி ஆனார். மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

கைதானவர் யார்? உறவுக்காரப் பையன் என்று மரியா பல ஆண்டுகள் சொல்லி வந்திருந்தார். பிறகு வளர்ப்புப் பிள்ளை என்றார். உலகமும் நம்பியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ல் மரியாவுக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு பிறந்தநாள் தந்தி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மரியா பொத்தி வைத்திருந்த ஒரு ரகசியத்தை, பிரிட்டிஷ் அரசே அதில் எழுதி அனுப்பியிருந்தது. அது என்ன?

(தொடரும்)